மூடிய புண், ஆறாத புண்

எங்கள் நாய் சிட்டுவின் பின்னங்காலில், கணுவுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு புண் வந்தது. சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. வந்தது, மூடியது, மேலே முடிகூட லேசாக முளைத்தது. பிறகு அதே இடத்தில் உடைந்தது. முதலில் ஒரு துளி சீழ், அப்புறம் ரத்தம் கலந்த நீர்க்கசிவு, அடுத்து மறுபடியும் பொருக்கு. மாத்திரை கொடுக்கிற வரைக்கும் மூடியிருக்கும், மாத்திரை முடிந்ததும் திறந்துகொள்ளும். புரட்டாசியில் தொடங்கியது, ஐப்பசி மழை வந்த பிறகும் போகவில்லை.

நாய் வளர்க்கும் நண்பர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "கடைசியில என்ன ஆயின்மென்ட் போட்டீங்க?" பெயரைச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. சிட்டுவின் கால் ஆறியதற்கு ஆயின்மென்ட் காரணம் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் வீட்டு நாய்க்கும் ஆறாத புண் ஒன்று இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

சிட்டு கன்னிக் கலப்பு. கறுப்பு உடம்பு, கால்களில் செம்பழுப்பு, ஒட்டிய வயிறு. எங்கள் வீடு திண்டுக்கல்லில், நத்தம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பின்னால் காலி மனைகள், அதைத் தாண்டினால் குளத்துக்கரை, கரை முழுக்கச் சீமைக் கருவேலம், அதற்கு அப்பால் சிறுமலை. காலையில் அவிழ்த்துவிட்டால் ஒரே ஓட்டம். கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் எல்லாம் முயல் விரட்டவும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட இனங்கள், ஓடாமல் இருக்கச் சொல்லி அவற்றைப் பழக்க முடியாது. இந்த ஒல்லியான ஓட்ட நாய்களுக்குத் தோல் மெல்லியது, அடியில் கொழுப்பும் குறைவு. முட்கம்பியோ வேலி முள்ளோ உரசினாலே கிழிந்துவிடும். அதிலும் கால் புண் என்றால் இன்னும் சிரமம். கழுத்திலும் முதுகிலும் தோல் தளர்வாக இருப்பதால் இரண்டு பக்கமும் இழுபட்டுச் சேர்ந்துகொள்ளும். கணுவுக்குப் பக்கத்தில் எலும்பும் நரம்பும்தான். இழுத்து மூட அங்கே தோல் இல்லை, ஒவ்வொரு அடிக்கும் மூட்டு மடங்கி நிமிர்கிறது, புண்ணும் கூடவே விரிகிறது.

ஆறுவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று சிட்டுவைப் பார்த்த கால்நடை டாக்டரம்மா எனக்குச் சொன்னது, நான் பிறகு தேடிப் படித்தது, இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் ரத்தம் உறையும். அடுத்த சில நாட்கள் உடம்பு சுத்தம் செய்யும் வேலையில் இருக்கும்: வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த தசையையும் தின்னும். இந்தக் கட்டத்தில் வீக்கம், சூடு, கசிவு எல்லாம் இருக்கத்தான் செய்யும். ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து நாளில், ஈரமாக, மணல் மணலாக, நல்ல சிவப்பில் புதுச் சதை அடியிலிருந்து எழும்பும். அந்தச் சிவப்புச் சதையைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள், அதைத் தேய்த்து எடுக்கிறவர்களும் உண்டு. அதுதான் நமக்கு வேண்டியது, அதைத் தொடவே கூடாது. அந்தச் சதை வந்த பிறகுதான் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் நகர்ந்து வர முடியும். அதன் கூடவே புண்ணின் விளிம்புகளும் சுருங்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே அந்தச் சுருக்கம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடைசியில் தழும்பு இறுகுவதற்கு மாதக்கணக்காகும். அப்படி இறுகினாலும் பழைய தோலின் பலத்தில் 80 சதவீதம் வரைதான் திரும்பும்.

ஆக, பெரிய புண் ஒன்று மெதுவாக ஆறுவது தன்னளவில் நோய் இல்லை. ஆனால் சின்னப் புண் ஒன்று வாரக்கணக்கில் அதே அளவில் நின்றாலோ, மூடித் திறந்து மூடித் திறந்து விளையாடினாலோ, ஏதோ ஒன்று அதை ஆறவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அந்த ஒன்று எது என்று கண்டுபிடிக்காமல் டியூபை மாற்றிக்கொண்டே போவதில் பயன் இல்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

இடைப்பட்ட காலத்தில் வந்த யோசனைகளுக்குக் குறைவே இல்லை. மஞ்சள் அப்பு என்றார்கள். பவுடர் தூவு என்றார்கள். மெடிக்கலில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி ஊற்று, நுரை வந்தால் அழுக்கு போகிறது என்றார்கள். நுரை வருவது உண்மை. ஆனால் அது கிருமியைக் கொல்லும் கையோடு புதுச் சதை கட்டும் அணுக்களையும் சேர்த்தே கொல்கிறது. ஸ்பிரிட்டும், தண்ணீர் கலக்காத டெட்டாலும் அப்படித்தான், எரிச்சல் வேறு. பவுடர் கசிவோடு சேர்ந்து கெட்டியாகிச் சீழ் வெளியே வரும் வழியை அடைத்துவிடும். மனிதர்களுக்கான அரிப்பு கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பும் வீக்கமும் வடிந்தது மாதிரி காட்டும், ஆறுவதைத் தள்ளிப்போடும். வலிக்குத்தானே என்று பாராசிட்டமாலோ, ஐபுபுரூஃபனோ, டைக்ளோஃபினாக்கோ கொடுத்துவிடாதீர்கள். நாயின் வயிறும் சிறுநீரகமும் ஈரலும் அதைத் தாங்காது. நாய்க்கென்று வலி மருந்து தனியாக இருக்கிறது, டாக்டர் எடை பார்த்துக் கொடுப்பார்.

ரெட்டியார்சத்திரம் பக்கம் மாடு வைத்திருக்கும் பெரியப்பா ஒரு நாள் பாட்டிலோடு வந்தார். "ஏத்தா, ஒரு புண்ணுக்கா இம்புட்டு அலையுற? இந்த எண்ணெயப் போடு. நம்ம செவலைக்குக் கோமாரி வந்தப்ப கால் குளம்பெல்லாம் புழு வச்சிருச்சு, இதுலதான் ஆறுச்சு." பெரியப்பா சொன்னதில் பொய் இல்லை. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, மஞ்சள், பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் அது. புழு இருந்தால் முதல் நாள் மட்டும் சீத்தா இலையை அரைத்து வைப்பது அல்லது தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கலந்து விடுவது. தேசிய பால்வள வாரியம் மாடுகளுக்காகப் பரப்பிய மூலிகை மருத்துவக் குறிப்புகளிலும் ஏறக்குறைய இதே சேர்மானம்தான் இருக்கிறது. மாட்டுக்கு அது நல்ல மருந்து, அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் காலில் எதைப் பூசினாலும் நாய் அத்தனையையும் நக்கி விழுங்கிவிடும். பூண்டு நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். கற்பூரம் உள்ளே போனால் வாந்தி, நடுக்கம், அளவு கூடினால் வலிப்பு. வேறு சில இடங்களில் புழுவுக்கு ஃபினாயிலும் மண்ணெண்ணெயும் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அது புண்ணைச் சுட்டுவிடுகிறது, நக்கினால் விஷமும் ஆகிறது. நாய்க்கு ஒரு மருந்தைப் பூசுமுன் "இதை இவள் தின்றால் என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்த்தா, மாடு குளம்ப நக்காதுல்ல" என்று பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நக்கினால் ஆறும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நாயின் எச்சிலுக்குச் சில கிருமிகளைத் தடுக்கும் குணம் கொஞ்சம் உண்டு. அதே வாயில் வேறு ஏராளமான கிருமிகளும் இருக்கின்றன. அதைவிடப் பெரிய சேதம் நாக்கின் உரசலால்தான். ஓரத்திலிருந்து வருகிற புதுத்தோல் மிக மெல்லியது, அதை இரவில் பத்து நிமிஷம் நக்கினால் ஒரு வாரத்து வேலை போய்விடும். புண்ணே இல்லாத இடத்தில் நக்கி நக்கிப் புண்ணை உண்டாக்கிக்கொள்ளும் நாய்களும் இருக்கின்றன. பகலெல்லாம் தனியாகக் கட்டிக் கிடப்பது, மூட்டு வலி, தோல் அலர்ஜி என்று அதற்குக் காரணங்கள் வேறு. அங்கேயும் காரணத்தைப் பிடிக்காமல் புண்ணை மட்டும் பார்த்தால் நடக்காது.

கழுத்துக்குப் போடும் பிளாஸ்டிக் கூம்பு இதற்காகத்தான். கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் அதில் ஒரு சிக்கல் உண்டு: தலை குறுகலாக, ஏறத்தாழ கழுத்து அளவில்தான் இருக்கும், ஒரு உதறு உதறினால் கூம்பு கழன்றுவிடும். மூக்கும் நீளம், சாதாரண அளவுக் கூம்பைத் தாண்டி வாய் காலை எட்டிவிடும். மூக்கு நுனியைத் தாண்டி நிற்கிற நீளத்தில் வாங்கி, மார்புப் பட்டையோடு நாடா வைத்துக் கட்டினோம். முதல் இரண்டு நாள் கதவு, நாற்காலி, என் முழங்கால் என்று எல்லாவற்றிலும் இடித்தாள். சாப்பாட்டுத் தட்டை ஒரு முக்காலி மேல் வைத்ததும் சாப்பிடப் பழகிக்கொண்டாள். பாவம் பார்த்து ராத்திரிக்குக் கழற்றிவிடுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வீடு தூங்குகிற நேரம்தான் நாய் அதிகம் நக்கும்.

அடுத்தது ஈ. திண்டுக்கல் வறண்ட ஊர் என்றாலும் வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு ஈ பெருகிவிடும், திறந்த புண்ணுக்கு ஆபத்தான காலம் அது. குப்பையில் மொய்க்கிற ஈக்களைத் தவிர, உயிருள்ள சதையில் மட்டும் வளரும் ஈ ஒன்று இருக்கிறது, கிரைசோமியா பெசியானா என்று பெயர். புண்ணின் ஓரத்தில் நூற்றுக்கு மேல் முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டுப் போகும். ஒரு நாளுக்குள் பொரிந்து, புழுக்கள் தலைகீழாகச் சதைக்குள் திருகிக்கொண்டு இறங்கும். ஐந்தாறு நாள் தின்று பெருத்தபின் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். வெளியே தெரிகிற ஓட்டை சின்னது, உள்ளே குடைந்திருப்பது பெரிது. புண்ணில் திடீரென்று ஒரு அழுகல் நாற்றம், நாய் ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பது, மெல்லிய ரத்தக் கசிவு, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். மேலே ஸ்பிரே அடித்து நாலு புழு விழுந்தால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. மயக்கம் கொடுத்து, உள்ளே கழுவி, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருக்கும். காது நுனி, வால் அடி, ஆசனவாய் ஓரம், மோதிரம் மாதிரி இறுகிய பழைய கழுத்துப்பட்டைக்கு அடி, இங்கெல்லாம் தெருநாய்களுக்குப் புழு வைத்து நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாயைக் காப்பாற்ற முடியாமலே போனது. அதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

சிட்டுவுக்குப் புழு வைக்கவில்லை. கட்டும், கொசுவலை போட்ட திண்ணையும் காப்பாற்றின. ஆனால் புண் ஆறவும் இல்லை. ஆன்டிபயாட்டிக் இரண்டு முறை முடிந்து மூன்றாம் முறை உடைந்தபோது, டவுனில் இருக்கும் டாக்டரம்மா அந்த ஓட்டையைச் சுற்றி விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். சிட்டு காலை வெடுக்கென்று இழுத்தாள். "மேல ஆறுதுங்க, உள்ள ஆறல. உள்ள ஏதோ கெடக்கு. அதை எடுக்காம நான் எதை எழுதிக் குடுத்தாலும் திரும்பவும் இங்கதான் வந்து நிப்பீங்க."

எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு நன்றாக இருந்தது. முள்ளும் மரச்சிராயும் எக்ஸ்ரேயில் சாதாரணமாகத் தெரியாது, ஸ்கேனில் சில சமயம் தெரியும். குளத்துக்கரையில் ஓடுகிற நாய் என்றதும் டாக்டரம்மாவுக்கு முள் மேல்தான் சந்தேகம். சீமைக் கருவேல முள் உறுதியானது, குத்தியதும் நுனி உள்ளேயே ஒடிந்துவிடும். வெளியே துளை மூடிக்கொள்ளும். முள்ளின் மேல் ஒட்டியிருக்கும் கிருமிகள் ஒரு படலத்துக்குள் ஒளிந்துகொள்ளும், மருந்து அங்கே போய்ச் சேராது. மருந்து இருக்கும்வரை சுற்றியுள்ள சதை தெளியும், நின்றதும் மறுபடி சீழ். "மூடும், திறக்கும்" என்ற அந்த ஒழுங்கே உள்ளே அந்நியப் பொருள் இருக்கிறது என்பதற்கான அடையாளம். விரலிடுக்கிலும் காதிலும் என்றால் ஊசிப்புல்லைச் சந்தேகிக்கலாம். அதன் முனையில் பின்னோக்கிய மயிர்கள் இருப்பதால் நடக்க நடக்க உள்ளே மட்டுமே போகும், திரும்பி வராது.

மயக்கம் கொடுத்துக் கீறி முள்ளைத் தேடுவது என்று முடிவானது. மயக்க ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அதில் இன்னொரு விஷயம் தெரியவந்தது: ரத்தத்தட்டுகள் குறைவு. உண்ணிக் காய்ச்சல். நம் பக்கத்து நாய்களில் இது சர்வ சாதாரணம். பழுப்பு உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் ஏறுகிறது. சில நாய்களுக்குக் காய்ச்சலும் மூக்கில் ரத்தமுமாக வெளிப்படும். சில நாய்கள் கொஞ்சம் சோர்வாக, கொஞ்சம் மெலிந்து மாதக்கணக்கில் சமாளிக்கும். ஆனால் காயம் பட்டால் ரத்தம் சீக்கிரம் உறையாது, ஆறுவதும் தாமதமாகும். அந்த நிலையில் கத்தி வைக்க டாக்டரம்மா சம்மதிக்கவில்லை. முதலில் டாக்ஸிசைக்ளின் தொடங்கினார். வழக்கமாக நான்கு வாரம் கொடுக்கும் மருந்து அது, வெறும் வயிற்றில் கூடாது, மாத்திரைக்குப் பின் தண்ணீரோ சோறோ உள்ளே போக வேண்டும். தட்டுகள் ஏறிய பிறகுதான் தேதி குறித்தார்.

ஓட்ட நாய் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிரேஹவுண்ட் வகை நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற பழைய மயக்க மருந்து கொடுத்தால் தெளிய நெடுநேரம் ஆகும் என்பது தெரிந்த விஷயம். நம் கன்னியும் சிப்பிப்பாறையும் அதே உடல்வாகு. என்ன இனம், என்ன கலப்பு என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

துளை போகும் வழியே கொஞ்சம் கீறி, சலைன் விட்டுக் கழுவி, இடுக்கியால் தேடியபோது கறுத்துப்போன ஒரு முள் நுனி வந்தது. அரிசி அளவுதான். அதைக் காஸ் துணியில் வைத்து என்னிடம் காட்டினார்கள். எத்தனை வாரம் அந்தச் சின்னத் துண்டை வைத்துக்கொண்டு இவள் ஓடியிருக்கிறாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. தையல் போடவில்லை. சீழ் கட்டிய இடத்தைத் தைத்து மூடினால் கிருமியையும் உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஆகும். அடியிலிருந்து சதை நிரம்பி மேலே வரட்டும் என்று திறந்தே விட்டார்கள். எடுத்த சீழை கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கேட்கும் என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் கொடுத்தார்கள். ஆறாத புண்ணுக்கு இந்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தால் எதற்கும் மசியாத கிருமிதான் மிஞ்சும்.

அதன் பிறகு வீட்டில் செய்தது எளிமையான வேலை, ஆனால் விடாமல் செய்ய வேண்டிய வேலை. மெடிக்கலில் கிடைக்கும் 0.9 சதவீத சலைனை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சிக் கழுவுவது. கிருமிநாசினி வேண்டும் என்றால் பீட்டாடைனை வெளிறிய டீத்தண்ணீர் நிறத்துக்குத் தண்ணீர் சேர்த்து விடுவது, அடர்த்தியாக ஊற்றக் கூடாது. ஒட்டாத காஸ், அதன் மேல் பஞ்சு, அதன் மேல் கட்டு. நடு விரல்கள் இரண்டும் வெளியே தெரிகிற மாதிரி கட்ட வேண்டும். அவை வீங்கினாலோ, சில்லிட்டாலோ, விரல்கள் விரிந்து நின்றாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம், உடனே அவிழ்க்க வேண்டும். இறுக்கமான கட்டினால் காலையே இழந்த நாய்கள் உண்டு. நனைந்த கட்டு கட்டில்லாததைவிட மோசம். மழையில் வெளியே போகும்போது மட்டும் மேலே பிளாஸ்டிக் பை, வீட்டுக்குள் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

சிறுமலைத் தேன் கிடைக்கிற ஊரில் தேனைப் பற்றிக் கேட்காமல் இருப்பார்களா? தேன் புண்ணை ஆற்றும் என்பது பழைய எகிப்தியர்களே எழுதிவைத்த விஷயம். நீரை உறிஞ்சும், புளிப்புத் தன்மையால் கிருமியைத் தடுக்கும். இன்றைக்கும் கால்நடை மருத்துவத்தில் பயன்படுகிறது. ஆனால் அது கதிர்வீச்சில் சுத்திகரிக்கப்பட்ட மருத்துவத் தேன். மலையிலிருந்து வரும் தேனில் கிருமிகளின் விதைகள் உறங்கிக்கிடக்கலாம், ஆழமான புண்ணுக்குள் அதை ஊற்றுவது ஆபத்து. எங்கள் டாக்டரம்மா நடுவில் சில நாள் மருத்துவத் தேன் வைத்துக் கட்டினார், அந்த நாட்களில் எறும்பு ஏறாமல் அவள் படுக்கும் கட்டிலைச் சுற்றித் தண்ணீர் வைக்க வேண்டியிருந்தது.

சாப்பாடும் மருந்துதான். புதுச் சதைக்குப் புரதம் வேண்டும்: அவித்த முட்டை, மசாலா போடாத கோழி, கொஞ்சம் சோறு. பிரியாணி ஊரில் மிச்சத்தை நாய்க்குப் போடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் ரத்தத்தைக் கெடுக்கும், வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். புண்ணோடு இருக்கும் நாய்க்கு அது வேண்டாம், புண் இல்லாத நாய்க்கும் வேண்டாம்.

எல்லா ஆறாத புண்ணுக்குள்ளும் முள் இருக்காது. வயதான நாய்க்கு ஒரு புண் காரணமில்லாமல் நின்றால் சர்க்கரை நோய், ஹார்மோன் கோளாறு, புற்றுநோய்க் கட்டி எல்லாவற்றையும் டாக்டர் பார்ப்பார். ஓரத்திலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னால் தயங்காதீர்கள். முழங்கை முட்டியில் தோல் தடித்துப் புண்ணானால் சிமெண்டுத் தரையில் படுப்பது காரணமாக இருக்கும், ஒரு கனமான மெத்தை பாதி வேலையை முடித்துவிடும்.

கடித்த காயம் என்றால் கதையே வேறு. தெருநாயோ, எது என்று தெரியாத மிருகமோ உங்கள் நாயைக் கடித்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி ஏற்கெனவே போட்டிருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டி மறு ஊசி போடுங்கள். அந்தக் காயத்தைக் கையுறை இல்லாமல் தொட்டவர்களும் தங்களுக்காக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதில் நாளை பார்ப்போம் என்பதே கிடையாது.

சிட்டுவின் காலில் இப்போது முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. ஓடுகிறாள். குளத்துக்கரைக்கு விடுவதை நிறுத்தவில்லை. திரும்பி வந்ததும் திண்ணையில் படுக்கவைத்து விரலிடுக்கு, அக்குள், காது மடல், கழுத்துப்பட்டைக்கு அடி என்று தடவிப் பார்க்கிறேன். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கிறேன், கையால் நசுக்குவதில்லை. மாதா மாதம் உண்ணி மருந்து தவறாமல் போகிறது. புண் இருந்த நாட்களில் டாக்டரம்மா சொன்னபடி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து இரண்டு நாளுக்கு ஒரு முறை போட்டோ எடுத்து வைத்திருந்தேன். தினமும் பார்க்கிற கண்ணுக்குப் புண் பெரிதாகிறதா சிறிதாகிறதா என்று தெரியாது, படங்களை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும். நீங்களும் இன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தப் படங்களையும், இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகளையும், என்ன போட்டபோது மூடியது, எப்போது திறந்தது என்ற தேதிகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.